படம் வெளியே வராத பழைய போலராய்டு கேமரா: பழுது பார்க்கும் வழி

ஷட்டரை அழுத்தியதும் ஒரு ‘டிக்’. உடனே மோட்டார் ‘கர்ர்’ என்று ஓடும். முன்பக்கப் பிளவில் படத்தின் அகலமான வெள்ளை ஓரம் தலைகாட்டும். பின்னாலேயே முழுப் படமும் வந்துவிடும். நல்ல நிலையில் இருக்கும் போலராய்டு கேமராவில் இதெல்லாம் ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும். படம் வராவிட்டால் பலர் நுனியைப் பிடித்து இழுக்கிறார்கள். அதிலும் சரிவராவிட்டால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறார்கள். இரண்டுமே கேமராவுக்குக் கெடுதல். படம் எந்த இடத்தில் நின்றது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். படங்கள் அடுக்கிய ஃபிலிம் பேக்கிலா, படத்தைத் தள்ளும் கொக்கியிலா, இழுக்கும் ரோலரிலா, கதவிலா? அது தெரிந்துவிட்டால் பெரும்பாலான கேமராக்களை ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றாமல் சரிசெய்துவிடலாம்.

இங்கே சொல்லும் முறைகள் இரண்டு வகைக் கேமராக்களுக்குப் பொருந்தும். ஒன்று, 1972-இல் வந்த மடக்கும் எஸ்எக்ஸ்-70 வகை. இன்னொன்று, 1981 முதல் விற்ற 600 வரிசையின் பெட்டி வடிவக் கேமராக்கள். இன்று வீடுகளிலும் பழைய பொருள் சந்தைகளிலும் அதிகம் கிடைப்பது இந்த இரண்டாவது வகைதான்.

உள்ளே நடப்பது என்ன

ஃபிலிம் பேக்கின் அடியில் தட்டையான 6 வோல்ட் பேட்டரி இருக்கிறது. கேமராவுக்கென்று தனி பேட்டரி கிடையாது. மோட்டார், ஷட்டர், ஃபிளாஷ் எல்லாமே பேக்கிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. பேக்குக்குள் படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அடியிலுள்ள ஸ்பிரிங்குகள் அவற்றை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே வெளிச்சத்தைத் தடுக்கும் கறுப்பு அட்டை ஒன்று உண்டு. அதுதான் டார்க் ஸ்லைடு.

மோட்டார் ஓடத் தொடங்கியதும் கேமராவின் பின்பகுதியிலுள்ள சிறிய உலோகக் கொக்கி, பேக்கின் பின்விளிம்பிலுள்ள பிளவு வழியாக மேல்படத்தின் ஓரத்தைப் பிடித்து முன்னே தள்ளும். அது தள்ளுவது கொஞ்ச தூரம்தான். படத்தின் முன்னோரம் இரண்டு ரோலர்களுக்கு நடுவே நுழைந்ததும் இழுக்கும் பொறுப்பை ரோலர்கள் எடுத்துக்கொள்ளும். அகலமான வெள்ளை ஓரத்துக்குள் இருக்கும் ரசாயனப் பை அங்கே நசுங்கும். ரசாயனம் படம் முழுக்க ஒரே சீராகப் பரவுவதும் ரோலர்களின் அழுத்தத்தால்தான். ஆகவே ரோலரில் கோளாறு இருந்தால் படம் சிக்குவதோடு, வந்த படமும் கெட்டுப்போகும்.

இந்த ரோலர்கள் கேமராவின் உடம்பில் இல்லை, பேக் போடத் திறக்கும் ஃபிலிம் கதவில் இருக்கின்றன. கதவு மூடும்போது ரோலரின் பல்சக்கரம் உள்ளேயிருக்கும் கியரோடு கோத்துக்கொள்ள வேண்டும். பாதிப் பழுதுகளுக்கு வேர் இந்த இடம்தான்.

பேக்கில் தொடங்குங்கள்

கேமராவைக் குறை சொல்வதற்கு முன் பேக்கைப் பாருங்கள். கடைகளில் இன்று 600, எஸ்எக்ஸ்-70, ஐ-டைப் என்று மூன்று வகைப் பேக்குகள் கிடைக்கின்றன. மூன்றுக்கும் அளவு ஒன்றுதான். ஆனால் ஐ-டைப் பேக்கில் பேட்டரி கிடையாது. விலை கொஞ்சம் குறைவு என்று அதை வாங்கிப் பழைய கேமராவில் போட்டால் சத்தமே வராது. கேமரா செத்துவிட்டது என்று முடிவுகட்டி ஓரம் வைத்தவற்றில் பல, இந்த ஒரே காரணத்தால் நின்றவை.

அடுத்து, மிச்சப் படங்களை எண்ணிக் காட்டும் கவுண்ட்டர். பழைய ஃபிலிமில் பேக்குக்கு 10 படங்கள். இன்றைய பேக்கில் 8 மட்டும். கேமராவுக்கு அது தெரியாது. அது 10-லிருந்து எண்ணிக்கொண்டு வரும். கவுண்ட்டர் 2 காட்டும்போது பேக் காலியாகியிருக்கும். அதன் பிறகும் பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடும், படம் வராது. இது பழுது இல்லை.

பேக்கின் அடிப்பக்கத்தில் இரண்டு துளைகள் வழியே பேட்டரியின் உலோகம் தெரியும். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, இரண்டு முனைகளையும் அவற்றில் தொட்டுப் பாருங்கள். புதிய பேக் 6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 5.5-க்குக் கீழே போயிருந்தால் அந்தப் பேக்கை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். 6 காட்டினாலும் முழுக்க நம்ப முடியாது. மோட்டாரோ ஃபிளாஷோ மின்சாரம் இழுக்கும்போது பழைய பேட்டரி சட்டென்று விழுந்துவிடும். பேக்கிலும் பெட்டியிலும் தயாரித்த தேதி அச்சிட்டிருக்கும். ஒரு வருடத்துக்குள் பயன்படுத்துவதே நல்லது.

கேமராவின் ஃபிலிம் அறைத் தரையில், பேட்டரியைத் தொடும் இரண்டு சிறிய உலோகத் தகடுகள் இருக்கின்றன. கடலோர ஊர்களில் இவை பச்சை பூத்தோ கறுத்தோ கிடக்கும். பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த இயர் பட்ஸால் துடையுங்கள். மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கிடைக்கும். உதிர்ந்த அழிப்பான் துகள்களை ஊதிவிட மறக்காதீர்கள். தகடு தரையோடு ஒட்டிப் படுத்திருந்தால் பல்குத்தும் குச்சியால் ஒரு மில்லிமீட்டர் மேலே நிமிர்த்துங்கள். அதற்கு மேல் நிமிர்த்தினால் பேக் அதில் இடித்துத் தகடு மடங்கிவிடும்.

பேக்கைச் செருகும்போது இரு பக்க ஓரங்களைப் பிடித்து, கடைசிவரை நேராகத் தள்ளுங்கள். நடுவில் அழுத்தக் கூடாது. 600 பேக்கின் முன்னோரத்தில் சிறு பிளாஸ்டிக் முண்டுகள் உண்டு. எஸ்எக்ஸ்-70 கேமராவில் தவறிப் போட்டுவிடாமல் தடுக்க வைத்தவை அவை. சிலர் கத்தியால் சீவிவிட்டுப் போடுகிறார்கள். அப்படிச் சீவினால் துகள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் துடையுங்கள். ரோலருக்குள் போன ஒரு துகள் அந்தப் பேக்கின் எட்டுப் படங்களிலும் கோடு போடும்.

புதிய பேக்கில் படங்கள் ஒன்றோடொன்று லேசாக ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. பேக்கின் இரு பக்கங்களையும் பிடித்து மிக மெதுவாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக இரண்டு மூன்று முறை வளைத்துவிட்டுப் போடுங்கள். ரசாயனப் பைகள் இருக்கும் முன்னோரத்தில் கை பட வேண்டாம்.

சத்தமும் படமும் சொல்வது

பேக் நல்லது என்று உறுதியான பிறகு, கேமராவைக் காதருகே வைத்து ஒரு முறை இயக்குங்கள்.

சத்தமே இல்லையென்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது கதவு சரியாக மூடவில்லை, அல்லது கவுண்ட்டர் 0-வில் நிற்கிறது. மோட்டார் தாராளமாக, லேசாக ஓடியும் படம் தலைகாட்டவே இல்லையென்றால் கொக்கி படத்தைப் பிடிக்கவில்லை. ஓடும் சத்தம் நடுவில் முனகலாக மாறி, வெள்ளை ஓரம் ஒரு விரல் அகலம் வெளியே வந்து நின்றால் ரோலர், கதவு, அல்லது முன்னால் இருக்கும் தடை. படம் முழுதாக வந்த பிறகும் மோட்டார் நிற்காமல் ஓடினால் உள்ளேயிருக்கும் டைமிங் சுவிட்சில் கோளாறு. ‘கட கட’ என்று பல் தாவும் சத்தம் வந்தால் கியர்.

வந்த படமும் சாட்சி சொல்லும். சம இடைவெளியில் ஒரே மாதிரிப் புள்ளிகள் திரும்பத் திரும்ப விழுந்திருந்தால் ரோலரில் ஏதோ ஒட்டியிருக்கிறது. அந்த இடைவெளி ரோலரின் சுற்றளவுக்குச் சமம். மூலையில் ரசாயனம் போய்ச் சேராமல் முக்கோணமாக விட்டிருந்தால் ஒரு பக்க அழுத்தம் குறைவு, அல்லது ரோலர் மெதுவாகச் சுற்றுகிறது.

டெஸ்ட் பேக் ஒன்று தயார் செய்துகொள்ளுங்கள்

நல்ல ஃபிலிமை வைத்துப் பழுது பார்ப்பது வீண்செலவு. எட்டுப் படமும் முடிந்த பேக்கைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் பேட்டரியில் இன்னும் உயிர் இருக்கும். டார்க் ஸ்லைடுகளையும் சேர்த்து வையுங்கள். காலிப் பேக்கின் முன்பக்கப் பிளவு வழியாக ஒரு டார்க் ஸ்லைடைச் செருகி, கேமராவில் போட்டுக் கதவை மூடுங்கள். கேமரா அதைப் புதிய பேக் என்று நினைத்து, தானாகவே அட்டையை வெளியே தள்ள வேண்டும். தள்ளினால் பேட்டரி, மோட்டார், கொக்கி, ரோலர் நான்கும் வேலை செய்கின்றன.

ஆனால் டார்க் ஸ்லைடு மெல்லியது, படத்தைப் போல ரோலருக்குச் சுமை தராது. அட்டை வந்து படம் வராத கேமராக்கள் நிறைய உண்டு. அதனால் அடுத்த கட்டமாக, எடுத்து வீணான, நன்றாகக் காய்ந்த பழைய படம் ஒன்றை அதே போலச் செருகிப் பாருங்கள். அகலமான ஓரம் முன்பக்கம் வரட்டும். ஐந்து முறை தொடர்ந்து தடையில்லாமல் வந்தால் நம்பலாம். ஃபிளாஷ் உள்ள 600 கேமராவில் பலவீனமான டெஸ்ட் பேக் ஃபிளாஷுக்கு சார்ஜ் ஏற்றுவதிலேயே திணறும். ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கத் தனி பட்டன் இருக்கும் மாடல் என்றால் அதைப் பயன்படுத்துங்கள்.

ரோலர்கள்

இந்த ஒரு வேலையைப் பொறுமையாகச் செய்தாலே பல கேமராக்கள் பிழைத்துக்கொள்ளும். ஒவ்வொரு படத்திலிருந்தும் துளியளவு ரசாயனம் கசியும். அது ரோலரின் இரு முனைகளிலும் பல்சக்கரத்தின் ஓரத்திலும் காய்ந்து கல்லாகிவிடும். இருபது முப்பது வருடம் பரணில் கிடந்த கேமராவில் அது பழுப்பு நிறத்தில் பொருக்குப் போலப் படிந்திருக்கும். அந்தப் பொருக்கு ஒரு முனையில் ரோலரைத் தூக்கி நிறுத்தும், அல்லது சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும். மோட்டார் பாதியில் முனகுவது இதனால்தான்.

அந்த ரசாயனம் காரத்தன்மை கொண்டது. ஈரமாக இருந்தால் தோலை அரிக்கும். மருந்துக்கடை கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி உடனே மருத்துவரிடம் போங்கள். சின்னக் குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது இந்த வேலை வேண்டாம்.

பேக்கை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். நூல் உதிராத பருத்தித் துணியை, மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி என்றாலும் சரி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழியுங்கள். சொட்டக் கூடாது. ஒரு கை விரலால் துணியை ரோலர்மேல் அழுத்திக்கொண்டு, மறு கைக் கட்டைவிரலால் முனையிலுள்ள பல்சக்கரத்தைச் சிறிது சிறிதாகச் சுற்றுங்கள். முழுச் சுற்று முடியும்வரை துணியின் சுத்தமான பகுதிக்கு மாறிக்கொண்டே இருங்கள். இரண்டு ரோலர்களுக்கும் இதே வேலை. காய்ந்த ரசாயனம் தண்ணீரில்தான் நன்றாக இளகும், அதனால் முதலில் ஆல்கஹால் வேண்டாம். இளகாத பொருக்கின்மேல் ஈரத்துணியை ஐந்து நிமிடம் போட்டு வைத்தால் தானாகவே விட்டுவிடும். அப்படியும் நின்றால் விரல் நகமோ மரக்குச்சியோ போதும். பிளேடு, ஊசி, இரும்பு நார், உப்புத்தாள் எதுவும் ரோலரைத் தொடக் கூடாது. உலோகத்தில் விழுந்த கீறலைப் பிறகு எடுக்க முடியாது. வருகிற ஒவ்வொரு படத்திலும் அது தெரியும்.

முனைகளை இயர் பட்ஸால் துடையுங்கள். சக்கரத்தின் பற்களுக்கு நடுவே குச்சி விட்டு ஒவ்வொரு பள்ளமாகப் பாருங்கள். ஒரே ஒரு பள்ளம் அடைபட்டிருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் படம் இடறும். கடைசியாக உலர்ந்த துணியால் ஒரு சுற்று, ஐபிஏ தொட்ட துணியால் ஒரு சுற்று. எண்ணெய், கிரீஸ், துருநீக்கி ஸ்பிரே எதுவும் போட வேண்டாம். ரோலர் உலர்ந்திருந்தால்தான் படத்தைப் பிடிக்கும்.

துடைத்த பிறகு இரண்டு சோதனைகள். பல்சக்கரத்தை விரலால் சுற்றினால் முழுச் சுற்றும் ஒரே அளவு இறுக்கத்தோடு வர வேண்டும். எங்காவது இறுகி விட்டால் அழுக்கு இன்னும் இருக்கிறது, அல்லது தண்டு வளைந்திருக்கிறது. அடுத்து, கதவுக்குப் பின்னால் மொபைல் டார்ச்சைப் பிடித்து ரோலர்களுக்கு நடுவே பாருங்கள். ஒளிக்கோடு ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலிந்து தெரிந்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ரோலரின் இரு முனைகளையும் நகத்தால் மெல்ல நெம்புங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் பழைய இடத்துக்கு வர வேண்டும். வராத பக்கத்தில் ஸ்பிரிங் இடம் மாறியிருக்கும், அல்லது பொருக்கு அடைத்திருக்கும். ஸ்பிரிங்கை வளைத்து அழுத்தத்தைக் கூட்ட முயல வேண்டாம். ரசாயனம் எவ்வளவு கனத்தில் பரவ வேண்டும் என்பது அந்த அழுத்தத்தைப் பொறுத்தது.

ஒவ்வொரு பேக் மாற்றும்போதும் ஒரு நிமிடம் ரோலரைத் துடைப்பது வழக்கமாகிவிட்டால் இவ்வளவு பாடு வராது.

கதவு

பெட்டி வடிவக் கேமராக்களில் கதவின் பிளாஸ்டிக் கொக்கி தேய்ந்தோ உடைந்தோ போவது சகஜம். பார்வைக்கு மூடியதுபோல இருக்கும். மோட்டார் திரும்பியதும் கியரின் உதைப்பில் கதவு ஒரு மயிரிழை கீழே இறங்கும், பற்கள் விலகும், ரோலர் நிற்கும், படம் பாதியில் மாட்டும். இதைக் கண்டுபிடிக்க, கதவைக் கையால் கீழிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டே டெஸ்ட் பேக்கை இயக்குங்கள். அழுத்தினால் வருகிறது, விட்டால் மாட்டுகிறது என்றால் சந்தேகமே இல்லை. தற்காலிகமாக அகலமான ரப்பர் பேண்டைக் கேமராவைச் சுற்றிப் போடலாம். படம் வெளிவரும் பிளவையும் லென்சையும் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிரந்தரத் தீர்வு, உடைந்த இன்னொரு கேமராவிலிருந்து அதே மாடல் கதவை எடுத்து மாட்டுவதுதான். ஒட்டிய பிளாஸ்டிக் கொக்கி நிறைய நாள் தாங்காது.

கதவுக்கும் உடம்புக்கும் நடுவே மண், காய்ந்த ரசாயனம், பழைய லேபிள் துண்டு ஏதாவது சிக்கியிருந்தாலும் இதே விளைவுதான்.

முன்பக்கத்தில், படம் வெளிவரும்போது வெளிச்சம் படாமல் மூட, சுருண்டிருந்து விரியும் கறுப்புத் திரை ஒன்று பலரும் பின்னாளில் பொருத்தியிருப்பார்கள். தவளை நாக்கு என்பது அதன் செல்லப்பெயர். அதன் ஓரம் கிழிந்தாலோ, உட்பக்கம் சுருண்டாலோ, பொருத்தியது கோணலாக இருந்தாலோ படத்தின் முன்னோரம் அதில் போய் முட்டும். படம் ஒரு விரல் அகலம் வந்து நின்றால், ரோலர் சுத்தமாக இருக்கிறது, கதவும் சரி என்றால், திரையைக் கழற்றிவிட்டு டெஸ்ட் பேக்கை ஓட்டிப் பாருங்கள்.

கொக்கி

ஃபிலிம் அறைக்குள் டார்ச் அடித்துப் பின்சுவரின் மேல்பக்கம் பாருங்கள். கியர்கள் இருக்கும் பக்கமாகச் சிறிய உலோக நகம் ஒன்று தெரியும். பேக்கைக் கோணலாகத் திணித்தவர்கள் இதைத்தான் வளைத்துவிடுகிறார்கள். மரக்குச்சியால் முன்னே தள்ளி விடுங்கள். ஸ்பிரிங் அதைத் தயங்காமல் பழைய இடத்துக்கு இழுக்க வேண்டும். நகத்தின் நுனி கீழ்நோக்கி, பேக்கின் பிளவுக்கு நேராக இருக்க வேண்டும். மேலே வளைந்திருந்தால் படத்தின்மேல் வழுக்கிப் போகும். ரொம்பக் கீழே இருந்தால் இரண்டு படங்களைச் சேர்த்துப் பிடிக்கும். கூர்மூக்குக் குறடால், அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, ஒவ்வொரு முறையும் டெஸ்ட் பேக்கில் சோதியுங்கள். ஒரே வளைப்பில் சரிசெய்ய நினைத்தால் அந்த மெல்லிய தகடு ஒடிந்துவிடும்.

நகம் ஒழுங்காக இருந்தும் இரண்டிரண்டாக வந்தால் படங்கள் ஒட்டியிருக்கின்றன, அல்லது வளைந்திருக்கின்றன. பேக்கைச் செங்குத்தாக அலமாரியில் நிறுத்தி வைக்காமல் படுக்க வைப்பது இதற்காகத்தான்.

பாதியில் சிக்கிய படத்தை எடுப்பது

கதவு மூடியிருக்கும்போது வெளியிலிருந்து இழுக்காதீர்கள். ரோலர் கியர் வழியாக மோட்டாரோடு கோத்திருக்கிறது. நீங்கள் இழுப்பது மொத்த கியர் வரிசையையும் எதிர்த்து இழுப்பதாகும். படம் கிழியும், ரசாயனம் உள்ளே கொட்டும், பல் உடையும்.

கதவைத் திறந்தால் ரோலர் விடுபட்டுத் தன்பாட்டில் சுற்றும். ஆனால் வெளிச்சத்தில் திறந்தால் பேக்கிலுள்ள மேல்படம் வெளிச்சம் பட்டுப் போய்விடும். மீதிப் படங்களைக் காப்பாற்ற வேண்டுமென்றால் சேஞ்சிங் பேக் என்னும் இருட்டுப் பைக்குள் வைத்துச் செய்யுங்கள். அது இல்லையென்றால் ராத்திரி, ஜன்னல் இல்லாத அறையில், கதவிடுக்கைத் துணியால் அடைத்து விளக்கை அணைத்துவிட்டுச் செய்யலாம். கையோடு ஒரு டார்க் ஸ்லைடு எடுத்துக்கொள்ளுங்கள். கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

இருட்டில் கதவைத் திறந்ததும், சிக்கிய படத்தின் பின்பாதி பேக்கை விட்டு வந்துவிட்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வந்திருந்தால், படம் செல்லும் திசையிலேயே நேராக, ஒரே வேகத்தில் ரோலர் வழியே இழுத்துவிடுங்கள். வராமல் இருந்தால் பேக்கையும் படத்தையும் சேர்த்தே மெதுவாக வெளியே எடுத்து, படத்தைத் தனியாக உருவுங்கள். பிறகு டார்க் ஸ்லைடை மிச்சப் படங்களின் மேலே, பேக்கின் முன்பிளவு வழியாகச் செருகுங்கள். இதை மறக்காதீர்கள். எடுத்த பேக்கைத் திரும்பப் போட்டால் கேமரா கவுண்ட்டரை முதலிலிருந்து தொடங்கி, முதல் அட்டையை வெளியே தள்ளும். டார்க் ஸ்லைடு இல்லையென்றால் அந்த இடத்தில் ஒரு நல்ல படம் வீணாகப் போகும். கவுண்ட்டர் இனி தவறாகக் காட்டும். எத்தனை மிச்சம் என்று பேக்கின் மேலோ கேமராவின் அடியிலோ எழுதி ஒட்டிவிடுங்கள்.

எஸ்எக்ஸ்-70 நடுவழியில் நின்றால்

மடக்கும் கேமராவில் உள்ளே கண்ணாடியும் அசைகிறது. இயக்கம் பாதியில் நின்றால் வியூஃபைண்டர் இருட்டாகிவிடும், கேமரா மடங்காது. அந்த நிலையில் பலம் கொண்டு மடக்கினால் உள்ளே உடையும். பல சமயம் பேட்டரி நடுவில் தீர்ந்ததுதான் காரணம். நல்ல பேக்கைப் போட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கி முடித்துக்கொள்ளும். அப்படியும் நகராவிட்டால், பேக்கை எடுத்துவிட்டு, கதவைத் திறந்தால் முன்பக்கத்தில் தெரியும் கடைசி கியரை மரக்குச்சியால் ஒவ்வொரு பல்லாகத் தள்ளுங்கள். எந்தத் திசையில் எளிதாகப் போகிறதோ அதுவே சரியான திசை. எதிர்ப்பு வந்தால் நிறுத்திவிடுங்கள். கண்ணாடி தன் இடத்துக்கு வந்ததும் வியூஃபைண்டரில் காட்சி தெரியும், கேமராவும் மடங்கும்.

வெக்கையும் குளிரும்

இன்றைய ஃபிலிமை எடுக்க ஏற்ற வெப்பநிலை 13 முதல் 28 டிகிரி செல்சியஸ். சென்னையில் வருடத்தில் பெரும்பாலான பகல்கள் இதைத் தாண்டியவை. காருக்குள் விட்ட கேமராவில் படம் வளைந்து, ரோலருக்குள் நேராக நுழையாமல் மாட்டுவது நடக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது சரிதான், ஃப்ரீசரில் வேண்டாம். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு மணி நேரம் அறையில் வையுங்கள். உடனே பிரித்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் படத்தின்மேல் வேர்த்து, ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். கொடைக்கானல், ஊட்டிக் குளிரில் ரசாயனம் கெட்டியாகும், பேட்டரியும் சோரும். கேமராவைச் சட்டைக்குள் வைத்து, எடுக்கும் நேரத்துக்கு மட்டும் வெளியே எடுங்கள்.

திறந்தே ஆகவேண்டும் என்றால்

பல் தாவும் சத்தம், நிற்காமல் ஓடும் மோட்டார், நல்ல பேக்கும் சுத்தமான தகடும் இருந்து அசையாத கேமரா. இந்த மூன்றுக்குத்தான் உடம்பைத் திறக்க வேண்டும். ஃபிளாஷ் உள்ள 600 கேமரா என்றால் ஒன்றை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள்: ஃபிளாஷின் கெப்பாசிட்டர் 300 வோல்ட் வரை சேர்த்து வைத்திருக்கும். பேக்கை எடுத்துவிட்டாலும் அது போகாது. கை பட்டால் பலமாக அடிக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு கால்களிலும் இன்சுலேஷன் உள்ள ஒயரைப் பற்றவைத்து, கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் 15 நொடி பிடியுங்கள். ஒரு கையால் மட்டும் வேலை செய்யுங்கள். பிறகு மல்டிமீட்டரை 600 வோல்ட் டிசி அளவில் வைத்துப் பார்த்து, 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததும் தொடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நேரடியாக ஷார்ட் செய்வது கூடாது. பொறி பறக்கும், சர்க்யூட்டும் போகும். மின்வேலையில் பழக்கமில்லாதவர்கள் இதைத் தெரிந்த டெக்னீஷியனிடம் விட்டுவிடுவதே சரி.

உள்ளே போனதும் மோட்டார் தண்டில் இருக்கும் சின்னச் சக்கரத்தை முதலில் பாருங்கள். பழைய பிளாஸ்டிக் சுருங்கி மயிரிழை விரிசல் விட்டிருந்தால், தண்டு மட்டும் சுற்றும், சக்கரம் வழுக்கும். ஒட்டுப்பசை அதில் நிற்காது. மாற்றுக் கியர் தேவை. மற்ற கியர்களைப் பல் பல்லாகச் சுற்றிப் பார்த்து, உடைந்த துண்டு வேறெங்கும் சிக்கியிருக்கிறதா என்று தேடுங்கள். நிற்காமல் ஓடும் கேமராவில், கியரோடு தொடர்புள்ள சுவிட்சின் மெல்லிய தகடுகள் தொட்டு விலகுகின்றனவா என்று கையால் கியரைச் சுற்றியபடி கவனியுங்கள். கறுத்த முனைக்கு நடுவே ஐபிஏ தொட்ட காகிதத்தை வைத்து இழுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

1986-இல் வந்த ஸ்பெக்ட்ரா வரிசை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கேமராக்களில் படம் சிக்குவதும் உடைவதும் பெருகியதைக் காரணமாகச் சொல்லித்தான் 2019-இல் அதற்கான ஃபிலிம் உற்பத்தி நிறுத்தப்பட்டது. பழைய பேக்குகளைத் தேடி வாங்கினாலும் பேட்டரி பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அதில் நேரத்தையும் பணத்தையும் கொட்டுவதைவிட ஒரு 600 கேமராவைச் சரிசெய்வது மேல்.

எல்லாம் முடிந்து புதிய பேக் போட்டதும், டார்க் ஸ்லைடு வெளிவரும் சத்தத்தைக் கவனியுங்கள். முதல் படத்தை வெளிச்சமான, ஒரே நிறச் சுவரைப் பார்த்து எடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கவிழ்த்து வைத்துவிட்டு, படத்தைச் சாய்த்துப் பிடித்து ஓரம் முதல் ஓரம்வரை பாருங்கள். புள்ளி வரிசை, கோடு, விடுபட்ட மூலை எதுவும் இல்லையென்றால் மீதி ஏழு படங்களை விருப்பம்போல எடுக்கலாம். ஏதாவது தெரிந்தால் இரண்டாவது படம் எடுக்காமல், இருட்டில் பேக்கை எடுத்து டார்க் ஸ்லைடைச் செருகிவிட்டு, ரோலரை மறுபடி துடையுங்கள்.